அரை பைப், ஒரு போக்ஸ் கம்பி, எட்டு மாதம்

ஏப்ரல் 18, மதியம் 12.15. மொட்டை மாடியில் மணல் வாளிக்குள் நட்டு வைத்திருந்த குச்சிக்கு நிழல் இல்லை. பக்கத்தில் பலகை மேல் சாய்ந்து படுத்திருக்கும் அரை பைப்புக்குள், கம்பியின் நிழல் 12-க்கும் 12.30-க்கும் நட்டநடுவில் விழுந்திருந்தது. கைபேசியிலும் 12.15. பெரியவன் ஒன்றும் பேசாமல் நோட்டில் எழுதிக்கொண்டான். சின்னவளுக்குத் தரை சுட்டது, கால் மாற்றி மாற்றிக் குதித்துக்கொண்டே "நான் என் நிழலையே மிதிச்சுட்டேன்" என்று கத்தினாள். எனக்கு அடுப்பில் சாம்பார் வைத்திருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

இந்தச் சூரியக் கடிகாரம் எட்டு மாத வேலை. நாங்கள் இருப்பது திருச்சி உறையூரில், வாடகை வீட்டில். பையனுக்குப் பதினொன்று, பெண்ணுக்கு ஏழு, இருவரும் வீட்டிலேயே படிக்கிறார்கள். போன ஆவணியில் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். கல்யாணம் என்றாலே "எந்த ஸ்கூல்?" என்று யாராவது கேட்பார்கள், "வீட்டிலதான்" என்று நான் சொல்வேன், அப்புறம் அரை மணி நேரம் உபதேசம் நடக்கும். மூன்றாவது பெரியம்மா ஆரம்பித்ததும் பிள்ளைகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு திருவிசநல்லூர் சிவன் கோயிலுக்குக் கிளம்பிவிட்டேன். அங்கே சுவரில் கல்லில் வெட்டிய ஒரு சூரியக் கடிகாரம் இருக்கிறது. அரைவட்டம், அதில் கோடுகள், நடுவில் ஒரு பித்தளை முள், அவ்வளவுதான். நாங்கள் போனபோது வானம் மூட்டம், முள்ளுக்கு நிழலே இல்லை. "அப்போ இப்போ மணியே கிடையாதா?" என்று சின்னவள் கேட்டாள். பெரியவன் திரும்பி வரும் வழியெல்லாம் நம் மாடியில் ஒன்று செய்யலாம் என்றான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை என்று நினைத்துச் சரி என்றேன்.

முதலில் செய்தது வாளி. பழைய பெயிண்ட் வாளியில் மணல் நிரப்பி, 60 செ.மீ குச்சியைத் தூக்குக் குண்டு பிடித்து நேராக நட்டோம். செப்டம்பர் நடுவில் ஒரு நாள் முழுக்க மணிக்கு ஒரு தடவை மாடி ஏறி நிழல் எங்கே விழுகிறதோ அங்கே வெள்ளை பெயிண்டில் கோடு போட்டோம். பத்து நாள் அருமையாக ஓடியது, கீழ் வீட்டு அக்காகூட ஏறி வந்து பார்த்துவிட்டுப் போனார். அக்டோபர் கடைசியில் பார்த்தால் காலை 9 மணி நிழல் 9 மணிக் கோட்டை விட்டு ஒரு சாணுக்கு மேல் தள்ளி விழுகிறது. வாளியை யாரோ திருப்பிவிட்டார்கள் என்று நினைத்தேன் (இந்தச் சந்தேகத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்). வாளி அங்கேயேதான் இருந்தது, நகர்ந்தது சூரியன். செங்குத்துக் குச்சியில் நிழலின் திசை மாதத்துக்கு மாதம் மாறும், குச்சியை வடக்கு நோக்கிச் சாய்த்தால்தான் நிலையாக நிற்கும் என்பதெல்லாம் அதற்குப் பிறகு உட்கார்ந்து படித்தது.

அடுத்தது இணையத்தில் கிடைத்த ஒரு வரைபடம். அதை ஃபிளெக்ஸில் அடித்து 18 மி.மீ பிளைவுட்டில் ஒட்டி, நடுவில் முக்கோணத் தகடு நிறுத்தினோம். ஒட்டிய பிறகுதான் முக்கோணத்தின் சாய்வு 52 பாகை என்று பையன் அளந்து சொன்னான். அது ஏதோ ஐரோப்பிய ஊருக்கு ஆனது. திருச்சிக்கு வேண்டியது அதன் அட்சரேகை, 10.8 பாகை. சரி என்று 10.8-க்குப் புதிதாகக் கணக்குப் போட்டு வரைந்தால், 11, 12, 1 மூன்றும் தீக்குச்சிகளை அடுக்கியதுபோல ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. 12-க்கும் 1-க்கும் நடுவே மூன்று பாகைகூட இல்லை. 5-க்கும் 6-க்கும் நடுவே 55 பாகை! தட்டையான பலகைக் கடிகாரம் நம் பக்கத்துக்குச் சரிப்படாது, குறைந்தபட்சம் மதியச் சாப்பாட்டு நேரம் தெரிய வேண்டியவர்களுக்குச் சரிப்படாது. பலகைக்கு 250, ஃபிளெக்ஸுக்கு 180. போச்சு.

பைப் யோசனை பையனுடையது. தெருவில் சாக்கடை வேலைக்கு இறக்கியிருந்த 160 மி.மீ பிவிசி பைப்பைப் பார்த்துவிட்டு, "வளைஞ்ச பலகையில வரைஞ்சா எல்லா மணிக்கும் ஒரே இடைவெளி வரும்லம்மா?" என்றான். வரும். அரை பைப்பின் நடு அச்சில் ஒரு கம்பியை இழுத்துக் கட்டி, அந்தக் கம்பியை வடக்கு நோக்கி 10.8 பாகை சாய்த்து வைத்தால், நிழல் மணிக்குச் சரியாக 15 பாகை நகரும். எங்கள் பைப்பின் உள் ஆரம் 7.6 செ.மீ, அரைவட்டத்தின் நீளம் நூல் வைத்து அளந்தால் 23.9 செ.மீ. பன்னிரண்டு மணி நேரத்துக்கு அது என்றால் ஒரு மணிக்குக் கிட்டத்தட்ட 2 செ.மீ. கிராஃப் தாளை அப்படியே ஒட்டலாம்! அன்று அவனுக்கு இரண்டு தோசை கூடுதல்.

பைப் கடையில் துண்டு பைப் 120 ரூபாய்க்குக் கிடைத்தது. நீளவாக்கில் வெட்டுவதுதான் பெரும்பாடு. ஆக்சா பிரேமை மாட்டினால் பிரேமே பைப்பில் இடிக்கும், அதனால் பிளேடை மட்டும் கழற்றி ஒரு முனையில் பழைய துணியைச் சுற்றிக்கொண்டு கையால் அறுத்தேன். கோடு நேராக வருவதற்கு, பைப்பை வாசல் நிலையின் மூலையில் அணைத்து வைத்து நிலையையே அளவுகோலாக்கிப் பென்சிலை இழுத்தோம். 29 செ.மீ நீளம், இரண்டு பக்கம், ஒன்றரை மணி நேரம், இரண்டு பிளேடு, உள்ளங்கையில் ஒரு கொப்புளம். வெட்டி முடித்ததும் பைப்பின் வாய் மூன்று மில்லி சுருங்கிக்கொண்டது. பயந்துவிட்டேன். இரண்டு முனையிலும் பிளைவுட் அடைப்பைச் செருகியதும் பழைய அளவுக்கு விரிந்து நின்றது. உப்புத்தாள் போட்டு ஓரத்தைத் தேய்க்கும் வேலை சின்னவளுடையது, தேய்த்த வெள்ளைத் தூளைப் பொட்டலம் கட்டித் தன் கடையில் மாவு என்று விற்றுக்கொண்டிருந்தாள்.

அடைப்பிலும் ஒரு தப்பு. அரைவட்டமாக அளந்து கொடுத்தேன், தெருமுனைத் தச்சர் அண்ணன் காசு வாங்காமல் அறுத்துக் கொடுத்தார். கம்பி போக வேண்டிய ஓட்டை வட்டத்தின் மையத்தில் வரணும், அரைவட்டத்துக்கு மையம் விளிம்பிலேயே இருக்கிறது. டிரில்லை வைத்ததும் விளிம்பு பிய்ந்துவிட்டது. திரும்பப் போனபோது அண்ணன் சிரித்துக்கொண்டே, "மேல ஒரு காது விட்டு வெட்டியிருந்தா நின்னிருக்கும்மா" என்றார். நடுவில் 2 செ.மீ உயரத்துக்குக் காது விட்டு வெட்டினோம். ஓட்டை 2.5 மி.மீ.

கம்பிக்கு முதலில் வீட்டில் கிடந்த 8 மி.மீ திரைக்கம்பியைப் போட்டிருந்தேன். அதன் நிழல் எட்டு மில்லி அகலம், எங்கள் அளவில் 24 நிமிஷம். நிழலுக்குள் எங்கே பார்ப்பது? சைக்கிள் கடை பாயிடம் விஷயத்தைச் சொன்னதும், "சக்கரத்துல இருக்கிற போக்ஸ் கம்பி போடுங்க, ரெண்டு மில்லிதான், நிப்பிளைத் திருகினா வீணைக் கம்பி மாதிரி நிக்கும்" என்றார். ஒரு முனையில் வளைந்த தலை அடைப்பில் மாட்டிக்கொள்கிறது, மறு முனையில் வாஷர் போட்டு நிப்பிளைத் திருகினால் விண்ணென்று இழுத்துக்கொள்கிறது. இந்த வேலைக்கென்றே செய்ததுபோல. பைப்பை 29 செ.மீ என்று வெட்டியதே கம்பியின் நீளத்தை வைத்துத்தான். மூன்று கம்பி, நிப்பிளோடு, 45 ரூபாய்.

சாய்வுக்குக் கோணமானியை நம்பவில்லை. 30 செ.மீ பலகையின் வடக்கு முனையை 5.7 செ.மீ தூக்கினால் 10.8 பாகை வந்துவிடும், அந்த உயரத்துக்கு ஒரு கட்டையை வைத்து ஆணி அடித்தோம். குறுக்குவாட்டில் ரசமட்டம். அடிப்பலகையின் கீழ் ஒரு மூலையில் மட்டும் ஒரு ரூபாய் நாணயம் முட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது, மாடித் தளம் தண்ணீர் ஓடச் சரிந்துதானே இருக்கும்.

வடக்கு கண்டுபிடிக்கும் கதை தனி. கைபேசித் திசைகாட்டி மாடியில் ஒவ்வொரு அடிக்கும் ஒரு வடக்கு காட்டியது, காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியின் வேலையாக இருக்கணும். பிறகு பழைய முறைக்கே போனோம். அதே வாளிக் குச்சியை மையமாக்கி 50 செ.மீ ஆரத்தில் கரித்துண்டால் வட்டம் போட்டு, காலையில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு புள்ளி, மதியத்துக்கு மேல் திரும்பத் தொடும் இடத்தில் இன்னொரு புள்ளி. நவம்பர் 8 அன்று காலை 10 மணிவாக்கில் தொட்டது, சாயங்காலப் புள்ளிக்கு 2 மணிவாக்கில் காத்திருக்கும்போது ஒரு மேகம் வந்து நின்றது. மூன்று பேரும் வட்டத்தைச் சுற்றி உட்கார்ந்து மேகத்தைத் திட்டினோம், சரியான நேரத்தில் விலகியது. இரண்டு புள்ளிகளையும் சேர்த்து நடுவைக் குறித்து, மையத்திலிருந்து அதற்குக் கோடு இழுத்தால் வடக்கு.

மறுநாள் ஞாயிறு. பைப்புக்குள் நிழல் சரியாக 12-ஐத் தொட்டபோது கைபேசியும் 12. ஒரு நிமிஷம்கூடத் தப்பில்லை. அப்பாவை வீடியோவில் கூப்பிட்டுக் காட்டினார்கள். நான் சொந்தக்காரர்கள் குழுவில் படம் போட்டேன், மூன்றாவது பெரியம்மாவுக்காகவே. ஒரு வாரம் அந்தக் கடிகாரத்தில்தான் வீடு நடந்தது: 9-ல் நிழல் வந்தால் கணக்கு, 10.30-க்கு மோர், 11-க்கு மேல் அவரவர் வேலை.

சின்னவள் இதில் இன்னொன்றைக் கண்டுபிடித்தாள். காலையில் கிழக்கு விளிம்பின் நிழலும் பைப்புக்குள் விழுகிறது, அது கம்பி நிழலைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் நகர்கிறது. "ரெண்டு முள்ளும்மா, பெரிய முள்ளு சின்ன முள்ளு." நான் அவள் விளையாடுகிறாள் என்று நினைத்து விட்டுவிட்டேன். பெரியவன்தான் அரை மணிக்கு ஒரு தடவை குறித்துப் பார்த்துவிட்டு உண்மை என்றான்.

பிறகு மழை. இரண்டு முனையும் அடைத்த அரை பைப் என்பது மழைக்குத் தொட்டிதானே, அது எனக்குத் தோன்றவே இல்லை. மூன்று நாள் கழித்து மேலே போனால் கிராஃப் தாள் ஊறி மிதக்கிறது, தண்ணீரில் கொசுப் புழு நெளிகிறது. அடுத்த நான்கு நாள் பாடம் கொசுப் புழு, பாட்டிலில் வலை கட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம், அதை எழுதினால் தனிப் பதிவாகிவிடும். தாழ்ந்திருக்கும் தெற்கு முனையில் 6 மி.மீ ஓட்டை ஒன்று போட்டதும் தண்ணீர் நிற்பது நின்றது. தாளுக்குப் பதில் அழியாத பேனா என்று போட்டு விற்கும் பேனாவால் வரைந்தோம், ஜனவரிக்குள் வெயில் அதைத் தின்றுவிட்டது. கடைசியில் காம்பஸ் முனையால் பைப்பிலேயே கீறி, கறுப்பு எனாமலைத் தடவி, காய்வதற்குள் துணியால் துடைத்தோம். கீறலுக்குள் மட்டும் கறுப்பு நின்றது. முதலிலேயே இதைச் செய்திருக்கலாம்.

பெரியவன் ஞாயிறு தவறாமல், வெயில் இருந்தால், நிழல் 12-ஐத் தொடும்போது கைபேசி மணியை எழுதி வந்தான். டிசம்பர் நடுவில் "அம்மா, பத்து நிமிஷம் லேட்டா தொடுது" என்றான். கண்ணை நேராக வைத்துப் பார், பக்கவாட்டில் பார்த்தால் தப்பாகத்தான் தெரியும் என்று கொஞ்சம் எரிச்சலாகவே சொல்லிவிட்டேன். மார்கழி, வீட்டில் வேலை.

ஜனவரி 12, போகிக்கு முன்பாக வீட்டுக்காரர் மாடிக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் அனுப்பினார். பொங்கலன்று நானே மேலே போய்ப் பார்க்கிறேன், கைபேசியில் 12, பைப்பில் 11.36. சுண்ணாம்பு அடித்தவர்கள் பலகையை நகர்த்திவிட்டார்கள்! வாடகை வீடு, தரையில் ஓட்டை போடக் கூடாது என்பதால் பலகை சும்மாதான் உட்கார்ந்திருந்தது, வடக்குக்குப் போட்ட கரிக்கோட்டையும் சுண்ணாம்பு மூடியிருந்தது. நான் அங்கேயே பலகையைப் பத்துப் பாகைபோலத் திருப்பி, நிழலை 12-க்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு இறங்கிவிட்டேன். 3 மணிக்குப் பார்த்தால் ஆறேழு நிமிஷம் இடித்தது. அதையும் விட்டுவிட்டேன். பிப்ரவரி இரண்டாம் வாரம் திரும்பவும் மதியத்தில் 11 நிமிஷம் பின்னால்.

மறுபடி பலகையைத் திருப்பப் போனபோது பெரியவன் நோட்டை நீட்டினான். நவம்பர் 9: 0. நவம்பர் 30: 4. டிசம்பர் 14: 10. டிசம்பர் 28: 17. ஜனவரி 11: 23. "சுண்ணாம்பு அடிச்சது 12-ஆம் தேதிம்மா. இதெல்லாம் அதுக்கு முன்னாடியே வந்தது. யாராவது இடிச்சிருந்தா ஒரே நாள்லதானே மாறியிருக்கணும்?"

நான் மாடிப்படியில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தேன். பலகை நகரவே இல்லை, நகர்த்தியது நான் மட்டும்தான்.

விஷயம் இதுதான், சுருக்கமாக. கைபேசி காட்டுவது இந்திய நேரம், அதாவது 82.5 பாகைத் தீர்க்கக்கோட்டின் மணி. திருச்சி 78.7-ல் இருக்கிறது, பாகைக்கு 4 நிமிஷம் வீதம் நம் உச்சி 15 நிமிஷம் பின்னால். அது வருஷம் பூராவும் மாறாது. இதற்கு மேல் சூரியனே வருஷத்தில் சில மாதம் கால் மணி நேரம் முந்தும், சில மாதம் பிந்தும். நவம்பர் முதல் வாரத்தில் 16 நிமிஷம் முந்துகிறது, அதனால் எங்கள் 15-ஐ அது தின்றுவிட்டது. பிப்ரவரி 11 வாக்கில் 14 நிமிஷம் பிந்துகிறது, இரண்டும் கூடி 29. வருஷத்தில் கைபேசியோடு தானாகவே ஒத்துப்போகிற மூன்று நான்கு வாரம் பார்த்துக் கடிகாரத்தை வைத்துவிட்டு அருமையாகச் செய்துவிட்டோம் என்று படம் போட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 15 அன்று குச்சி, வட்டம், இரண்டு புள்ளி எல்லாம் திரும்ப. இந்தத் தடவை பலகையின் நான்கு மூலையையும் தரையில் சிவப்பு பெயிண்டால் குறித்துவிட்டேன். மாறாத 15 நிமிஷத்தை அளவிலேயே சேர்த்துவிடலாம் என்று மணிக்கோடுகளை 5 மில்லி தள்ளிப் புதிதாக எழுதினோம். அதையும் கிழக்குப் பக்கம் தள்ளித் தொலைத்தேன். 29 நிமிஷம் 14 ஆகக் குறைய வேண்டியது 44 ஆனது. 12 மணிக்குச் சூரியன் இன்னும் உச்சிக்கு வரவில்லை, கிழக்கே நிற்கிறது, அப்போது நிழல் மேற்கில்தானே விழும். நல்லவேளை, அப்போது பென்சிலில்தான் எழுதியிருந்தோம். மேற்கே 5 மில்லி தள்ளிக் கீறியதும் 14 வந்தது. மார்ச் நடுவில் 9. ஏப்ரல் 18-ல் ஒன்றுமில்லை, அன்றைக்கு உச்சி வெயில் திருச்சிக்கு நேர் மேலே, குச்சியும் பைப்பும் ஒரே சாட்சி சொல்லின.

செலவு: பைப் 120, கம்பி 45, பிளேடு 40, உப்புத்தாள் 15, எம்-சீல் 35, எனாமல் இரண்டு சின்ன டப்பா 140. ஆக 395 ரூபாய். வீணாகப் போன பலகையும் ஃபிளெக்ஸும் இதைவிட 35 ரூபாய் அதிகம்.

அடுத்த தடவை செய்தால் போக்ஸ் கம்பியை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கேட்டு வாங்குவேன், இது மழையில் துரு கட்டி மாதம் ஒரு தடவை எண்ணெய்த் துணி கேட்கிறது. அடைப்புக்குப் பிளைவுட் வேண்டாம், தெற்குப் பக்க அடைப்பு ஊறி உப்பி எம்-சீல் பூசித்தான் நிற்கிறது, அக்ரிலிக் தகடு பார்க்கணும். பைப் இதே அளவு போதும். தண்ணீர் ஓட்டையை முதல் நாளே போடுவேன். நோட்டு எழுதியவனை நம்புவேன் என்று எழுதினால் அவன் இதைப் படித்துவிட்டுச் சிரிப்பான்.

பைப்புக்குக் கீழே ஒரு சின்னப் பலகையில் மாதவாரியாகக் கூட்ட வேண்டிய, கழிக்க வேண்டிய நிமிஷங்களை எழுதியிருக்கிறோம். பன்னிரண்டு மாதத்துக்கும் அட்டவணை கிடைக்கிறது, ஒரே மூச்சில் எனாமலில் எழுதிவிடலாம் என்றேன். பெரியவன் ஒத்துக்கொள்ளவில்லை. நவம்பர் முதல் ஏப்ரல் வரை கறுப்புப் பெயிண்டில் இருக்கிறது. மே மாதத்துக்கு 4 நிமிஷம் கழி, ஜூலைக்கு 6 கூட்டு, அக்டோபருக்கு 14 கழி, மற்ற மாதங்களும் பென்சிலில்தான். அந்தந்த மாதம் ஞாயிற்றுக்கிழமை வெயில் வரணுமாம்.